ஹேஸ்டிங்ஸ் நகரத்து ஆட்டம்

ஆண்டு விழா மலருக்கு வரலாறு தழுவிய கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழு அன்பர்கள் கேட்டபொழுது, சோழர் கடற்படையைப் பற்றியோ பல்லவர் குடைவரைகளைப் பற்றியோ நான் எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். அவற்றை எழுத என்னினும் வல்லார் நம் காலனியிலேயே பலர் உளர். நான் எழுதப் புகுவது ஒரு சதுரங்க ஆட்டத்தின் வரலாறு. ஒரே ஓர் ஆட்டம். 65 நகர்த்தல்களில் முடிந்தது. ஆடியவர் இருவரும் தமிழரல்லர். ஆடிய இடமும் நம் நாடன்று. ஆயினும் அதனை எழுதத் தூண்டியது நம் சங்கத்து நிகழ்ச்சி ஒன்றே.

சென்ற ஆண்டு விழாவை ஒட்டிச் சிறுவர்க்குச் சதுரங்கப் போட்டி வைத்தோம் அல்லவா? பரிசு பெற்ற சிறுவனைத் தட்டிக் கொடுத்த பெரியவர் ஒருவர், "பஞ்சாபிலே ஒரு வேலைக்காரன் இருந்தான், எழுத்து வாசனையே அறியாதவன், அவன் உலக வீரனையே ஒருமுறை வீழ்த்தினான். எல்லாம் பிறவியிலே வந்த வரம்!" என்று உற்சாகமாகச் சொன்னார். சிறுவன் சற்றே யோசித்து, "அப்படியென்றால் அவர் பழகவே இல்லையா, தாத்தா?" என்று கேட்டான். பெரியவர் சிரித்து மழுப்பிவிட்டார். அருகில் நின்ற எனக்கும் விடை தெரியவில்லை. அக்கேள்வி என்னை விடவில்லை. பிறகு நூல்களைத் தேடிப் படித்தேன். அவ்வாட்டத்தின் நகர்த்தல் குறிப்பைப் பலகையில் வைத்துப் பலமுறை ஆடியும் பார்த்தேன். அதன் பயனே இக்கட்டுரை.

அப்பஞ்சாபியரின் பெயர் மீர் சுல்தான் கான். மீர் என்பது பட்டமன்று, பெயரின் ஒரு பகுதி. சுல்தான் என்பதும் அவ்வாறே. மேனாட்டுப் பத்திரிகைகள் பல இதனை அறியாமல், ஏதோ ஒரு சிற்றரசர் சதுரங்கம் ஆட வந்திருக்கிறார் என்றே முதலில் கருதின. பிறந்த ஊர் மித்தா திவானா. அன்றைய ஷாப்பூர் ஜில்லாவைச் சேர்ந்தது. இன்று பாகிஸ்தானில் உள்ளது. பிறந்த ஆண்டு 1903 என்றும் 1905 என்றும் இருவகையாகக் குறிக்கப்படுகிறது. ஒன்பது வயதளவில் தந்தையாரிடம் சதுரங்கம் கற்றார்.

அவர் கற்றது நாம் இன்று ஆடும் ஆட்டமன்று என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். நம் பாட்டன்மார் திண்ணைகளில் ஆடிய நாட்டுச் சதுரங்கத்திற்கு நெருங்கிய உறவினது அது. ஊருக்கு ஊர் விதிகள் சிறிது மாறும். எனினும் பொதுவான சில உண்டு. சிப்பாய் முதல் அடியிலும் ஒரு கட்டமே நகரும். இரண்டு கட்டம் தாவும் உரிமை அதற்கில்லை. ராஜாவை ஓர் ஓரத்திற்கு அனுப்பி யானையை அருகில் நிறுத்தும் 'கோட்டை கட்டுதல்' கிடையாது. அதற்கு ஈடாக ராஜா ஒரே ஒரு தடவை குதிரையைப் போலப் பாயலாம். சிப்பாய் கடைசி வரிசையை எட்டினால் தான் விரும்பிய காயாக மாற முடியாது. எந்தக் காய்க்குரிய கட்டத்தை அடைந்ததோ அந்தக் காயாகவே மாற வேண்டும். இவ்விதிகளால் ஆட்டம் மெதுவாகத் தொடங்கும். இரு படைகளும் அணிவகுத்து, ஒன்றையொன்று நெடுநேரம் நோட்டமிட்டு, பின்னரே மோதும். பொறுமையில்லாதவனுக்கு நாட்டுச் சதுரங்கத்தில் இடமில்லை.

இளைஞரான சுல்தான் கானின் ஆட்டத்தைக் கண்டு தம்மிடம் சேர்த்துக்கொண்டவர் ஸர் உமர் ஹயாத் கான் திவானா என்னும் பெருநிலக்கிழார். குதிரைகளும் வேட்டை நாய்களும் வளர்ப்பதில் பெருவிருப்பினர். ஆங்கில ஆட்சிக்கு மிக அணுக்கமானவர். 1911ஆம் ஆண்டுத் தில்லி தர்பாரில் துணைக் கட்டியக்காரராக நின்றவர். அவருடைய ஆதரவில், 1926ஆம் ஆண்டளவில்தான் சுல்தான் கான் மேனாட்டு விதிகளைக் கற்றார். 1928இல் அகில இந்தியப் போட்டியில் எட்டு ஆட்டங்களில் வென்று, ஒன்றைச் சமன் செய்து, ஒன்றிலும் தோலாமல் முதலிடம் பெற்றார். மறு ஆண்டு ஸர் உமர் இலண்டனில் இந்தியா மந்திரியின் ஆலோசனைச் சபை அங்கத்தினராகச் சென்றபொழுது சுல்தான் கானும் உடன் சென்றார்.

இலண்டனில் முதலில் நேர்ந்தது தோல்வியே. பயிற்சிக்கென நடந்த சிறு போட்டி ஒன்றில் கடைசி இடத்தைப் பங்கிட்டுக்கொண்டார். வில்லியம் விண்டர், பிரெடெரிக் யேட்ஸ் என்னும் ஆங்கில வீரர் இருவர் அதன்பின் அவருக்குப் பயிற்சி அளித்தனர். அவ்விருவருமே அவரோடு போட்டியிட்ட வீரர்கள் என்பது வியப்பு. அதே 1929ஆம் ஆண்டுக் கோடையில் ராம்ஸ்கேட் நகரில் நடந்த பிரிட்டிஷ் சாம்பியன் போட்டியில் அவர் முதலிடம் பெற்றபொழுது, அதனை எதிர்பார்த்தவர் ஒருவருமிலர். 1932இலும் 1933இலும் அப்பட்டத்தை மீண்டும் வென்றார்.

உடலுக்கு அந்நாடு ஒத்துக்கொள்ளவில்லை. மலேரியாக் காய்ச்சல் விட்டுவிட்டு வரும்; சளியும் தொண்டை நோயும் நீங்கா. கழுத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு பலகைக்கு முன் அமர்ந்திருப்பார் என்று எழுதியிருக்கிறார்கள். முதல்முறை வடக்கே வந்து மார்கழிக் குளிரில் நடுங்கிய நம்மவர்க்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மொழியும் துணை செய்யவில்லை; ஆங்கிலம் மிகச் சிறிதே தெரியும்; பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும். சதுரங்கத் தொடக்கங்களைப் பற்றி மேனாட்டார் எழுதிக் குவித்த நூல்கள் அவருக்குப் பூட்டிய பெட்டிகளாகவே இருந்தன.

இந்நிலையில் 1930ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் ஹேஸ்டிங்ஸ் என்னும் கடற்கரை நகரில் கிறிஸ்துமஸ் விடுமுறைப் போட்டி தொடங்கியது. ஆண்டுதோறும் நடக்கும் புகழ்பெற்ற போட்டி அது. அக்காலத்து நம் நாட்டு நிலையையும் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த ஆண்டு அது. காந்தியடிகள் எரவாடாச் சிறையில் இருந்தார். இலண்டனில் முதலாவது வட்டமேஜை மாநாடு கூடியிருந்தது. அதே வேளையில் அதே தீவின் தென்கரையில், இந்தியர் ஒருவர் பிரிட்டிஷ் சாம்பியன் என்ற பட்டத்தோடு பலகை முன் அமர்ந்திருந்தார்!

எதிரே அமர்ந்தவர் ஹோசே ரவுல் காபாபிளாங்கா. கியூபா நாட்டினர், 1888இல் ஹவானாவில் பிறந்தவர். 1921இல் லாஸ்கரை வென்று உலக வீரரானார். 1927இல் அலேகினிடம் அப்பட்டத்தை இழந்தார். 1916 முதல் 1924 வரை எட்டு ஆண்டுகள் ஓர் ஆட்டத்திலும் தோலாதிருந்தவர். 'சதுரங்க இயந்திரம்' என்று அவரை அழைத்தனர். எளிமையான நிலைகளில், காய்கள் குறைந்த பின்னர், அவரை வெல்லுதல் அரிதினும் அரிது என்பது அக்காலத்தார் கருத்து. சுல்தான் கான் அவரை எத்தகைய நிலையில் வென்றார் என்பதுதான் நாம் காண வேண்டுவது.

வீட்டில் பலகை இருப்பவர்கள் அதனை எடுத்து வைத்துக்கொள்ளலாம். இல்லாதவர்கள் கவலற்க, எளிதாகவே சொல்லுகிறேன். மூலையில் நிற்பது யானை, அடுத்தது குதிரை, அதற்கடுத்தது மந்திரி, நடுவில் ராணியும் ராஜாவும். மந்திரி என்பது இங்கே கோணலாகச் செல்லும் காயையே குறிக்கும்.

வெள்ளைக் காய்கள் சுல்தான் கானுக்கு. ஐந்தாம் நகர்த்தலில் ராணிப் பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் முன்னே தள்ளினார். பார்ப்பதற்கு ஒன்றும் செய்யாத நகர்த்தல். கறுப்பு மந்திரி முன்னே வந்து தம் குதிரையைக் கட்டிப்போடாமல் தடுப்பதே அதன் நோக்கம். நாட்டுச் சதுரங்கக்காரரின் மெத்தனம் என்று பக்கத்தில் நின்று பார்த்தவர் சிலர் எண்ணியிருக்கலாம். ஆனால் இவ்வகைத் தொடக்கத்தில் அச்சிப்பாயை அவ்வாறு நகர்த்தும் முறை, 1963 முதல் 1969 வரை உலக வீரராக விளங்கிய டிக்ரான் பெட்ரோசியனின் பெயரால் பிற்காலத்தில் வழங்கலாயிற்று. நூல் படிக்காதவர் என்று யாரைச் சொல்லுகிறோமோ, அவர் நூலில் ஏறப்போகும் நகர்த்தலை முன்னரே ஆடியிருக்கிறார்.

12ஆம் நகர்த்தலில் தம் குதிரையைப் பகைவர் எல்லைக்குள் அனுப்பி, அடுத்த நகர்த்தலில் அதைக் கொடுத்து ஒரு கறுப்பு மந்திரியை வாங்கினார். இதனால் வெள்ளைக்கு இரு மந்திரிகளும் எஞ்சின. ஆனால் விலை இருந்தது. மந்திரியின் கட்டத்திலிருந்து நேரே செல்லும் வழியொன்று இரு பக்கத்துச் சிப்பாய்களும் இன்றித் திறந்து போயிற்று. காபாபிளாங்கா தம் இரு யானைகளையும் அவ்வழியில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார். வெள்ளை ராஜாவோ இன்னும் கோட்டை கட்டாமல் நடுவிலேயே நிற்கிறார். கோட்டை கட்டும் வழக்கமில்லாத ஆட்டத்தில் வளர்ந்தவர் என்பதாலோ, வேறு கணக்காலோ, இவ்வாட்டம் முடியுமளவும் சுல்தான் கான் கோட்டை கட்டவே இல்லை.

அடுத்து நிகழ்ந்ததே ஆட்டத்தின் திருப்பம். ராஜா பக்கத்துச் சிப்பாய்களை முன்னே விட்டுக் கறுப்புக் குதிரையைப் பின்னுக்குத் துரத்தினார் சுல்தான் கான். 21ஆம் நகர்த்தலில் ஒரு மந்திரியைக் கொண்டு கறுப்பு யானை ஒன்றைக் குறி வைத்தார். காபாபிளாங்கா பின்வாங்கவில்லை. முன்நின்ற யானையை வெள்ளையின் கடைசி வரிசையிலேயே இறக்கி ராஜாவுக்கு முறை வைத்தார். ராஜா ஓரடி முன்னே வந்தார். இரண்டாம் யானையும் பாய்ந்து முறை வைத்தது. வெள்ளை ராணி அதனை வெட்டிற்று. முதல் யானை ராணியை வெட்டிற்று. ராஜா அந்த யானையை வெட்டினார். நான்கு நகர்த்தல்களில் புழுதி அடங்கியபொழுது, கறுப்பிடம் ராணி இருந்தது; வெள்ளையிடம் ராணி இல்லை; அதற்கு ஈடாக இரு யானைகள்.

ராணிக்கு இரு யானைகள் என்பது ஏறத்தாழச் சரியான விலை. எனினும் பழகிய ஆட்டக்காரர் பலர் ராணியையே விரும்புவர். ராணி எட்டுத் திசையிலும் பாயும். தனித்து நின்று வேட்டையாடும். யானைகளுக்கோ வழி வேண்டும், ஒற்றுமை வேண்டும், தம் ராஜாவின் நலமும் வேண்டும். நடுப்பலகையில் அலைந்து திரியும் ராஜா ஒருவர் எதிரில் இருக்கையில் ராணியே மேல் என்று காபாபிளாங்கா எண்ணியிருத்தல் வேண்டும். உடனே ராணியை முறை வைத்து முன்னே செலுத்தினார். வெள்ளையின் ராணிப் பக்கத்துச் சிப்பாய்களுக்கு இடையே அது புகுந்தது.

சுல்தான் கான் என்ன செய்தார்? வீரம் எதுவும் காட்டவில்லை. ஒரு யானையால் சிப்பாயைக் காத்தார். மற்றொரு யானையைத் திறந்த வழிக்குக் கொணர்ந்தார். ராணி தன்னந்தனியே நின்று என்ன செய்யும்? 30ஆம் நகர்த்தலில் ஒரு சிப்பாயை முன்னே தள்ளினார். ராணி தன் பக்கத்திற்கே திரும்பிற்று. 31ஆம் நகர்த்தலில் இரு யானைகளும் ஒரே வழியில் முன்பின்னாக நின்றன. பலகையில் திறந்திருந்த நேர்வழி அஃது ஒன்றே. சிறிது முன்னர்க் கறுப்பு யானைகள் ஆண்ட அதே வழி!

இப்பொழுது கறுப்பின் படையைப் பாருங்கள். மந்திரியின் பாதையைத் தன் சிப்பாய்களே அடைத்துக்கொண்டிருக்கின்றன. குதிரை, வெள்ளை மந்திரி உறுத்துப் பார்க்கும் ஒரு சிப்பாயைக் காத்துப் பின்னே முடங்கிக் கிடக்கிறது. ராஜாவும் யானைகள் நுழையாவண்ணம் வாசல் காக்க வந்துவிட்டார். ராணி ஒன்றுக்கே நடமாட்டம் உண்டு. அந்த ராணி 35ஆம் நகர்த்தல் முதல் 41ஆம் நகர்த்தல் வரை, ராஜா பக்கத்து ஓர வரிசையில் ஒரு கட்டம் முன்னே, ஒரு கட்டம் பின்னே என்று ஏழு தடவை நடந்தது. உலகை ஆண்ட வீரரின் ராணி, கூண்டில் அடைத்த வேங்கைபோல் அங்குமிங்கும் உலவிற்று.

எனக்கு இவ்வாட்டத்தில் மிகப் பிடித்த பகுதி இதுவே. பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்க்கு ஒன்றும் நடவாதது போலத் தோன்றும். வெள்ளை ராஜா மெல்ல நடந்து ராணிப் பக்கத்து ஓரத்திற்குச் சென்றார், சிறிது தங்கினார், மூலைவரை போய்த் திரும்பினார். ஒரு மந்திரி இரண்டு கட்டம் போய், பிறகு தன் பழைய இடத்திற்கே வந்தது. ஆனால் நடுநடுவே ஒவ்வொரு சிப்பாயாக ஒவ்வோர் அடி. 44ஆம் நகர்த்தலில் ராஜா பக்கத்து ஓரச் சிப்பாய் பகைவர் வாசலில் போய்ப் பூட்டுப் போட்டது. 45ஆம் நகர்த்தலில் ராணிப் பக்கத்துச் சிப்பாய் முன்னேறிற்று. காபாபிளாங்கா அதற்கு விடையாக ஓரச் சிப்பாயை நகர்த்தினார். உடனே அவருடைய அடுத்த சிப்பாய் காவலுக்கு உறவில்லாமல் தனித்துப் போயிற்று. அந்த ஒரு சிப்பாயில்தான் ஆட்டம் முடிந்தது. ஆயினும் சுல்தான் கான் பாய்ந்து சென்று அதை எடுக்கவில்லை. இன்னும் பதினைந்து நகர்த்தல்கள் காய்களைச் சீர்செய்தார்.

53ஆம் நகர்த்தலில் ஒரு யானை பகைவர் மண்ணில் ஆறாவது வரிசையில் ஏறி நின்றது. 59ஆம் நகர்த்தலில் ராணி ஒரு வெள்ளைச் சிப்பாயை வெட்டிற்று. சுல்தான் கான் அதைப் பொருட்படுத்தவில்லை. 61ஆம் நகர்த்தலில் தனித்து நின்ற கறுப்புச் சிப்பாயை யானை எடுத்தது. அதன்பின் வெள்ளைச் சிப்பாயின் வழியில் தடை இல்லை. கறுப்பு ராணியோ பலகையின் மறுகோடியில் நிற்கிறது. 65ஆம் நகர்த்தலில் யானை கடைசி வரிசையை எட்டிச் சிப்பாய்க்கு வழிவிட்டு நின்றதும், காபாபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஒன்பது சுற்று முடிவில் ஹாலந்து நாட்டு யூவே 7 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றார். அவரே 1935இல் உலக வீரரானார். காபாபிளாங்கா ஆறரை, சுல்தான் கான் ஆறு. முதலிடம் நம்மவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அப்போட்டியின் நினைவாக இன்றும் உலகம் ஆடிப் பார்ப்பது அவருடைய ஆட்டத்தையே.

பெரியவர் சொன்ன 'வரம்' என்னும் சொல்லுக்கு மீண்டும் வருகிறேன். வரம் என்றால் மின்னல்போல் ஒரு தாக்குதல், யாரும் காணாத ஒரு பலி, பத்தே நகர்த்தலில் வெற்றி என்று நாம் கற்பனை செய்வோம். இவ்வாட்டத்தில் அப்படி ஒன்றுமில்லை. ராணியை விட்டபின் 40 நகர்த்தல்களுக்கு மேல், ஒரு கட்டத்திலும் கணக்குத் தவறாமல், எதிரி சோரும்வரை தாம் சோராமல் ஆடியிருக்கிறார். இது சிறு வயது முதல் பல்லாயிரம் ஆட்டங்களில் பழகிய கை. நாட்டுச் சதுரங்கம் என்னும் பெரிய பள்ளியில் தேர்ந்து, பின்னர் மேனாட்டு விதிகளைக் கற்று, அகில இந்தியப் போட்டியில் ஆடி, இலண்டனில் கடைசியாக வந்து, மறுபடி பயின்று, இரண்டு ஆண்டு முதல்தர வீரரோடு மோதி வந்தவரின் ஆட்டம். ஆங்கில நூல் படியாதவர் என்பது உண்மை; படியாதவர் என்பது உண்மையன்று. தொடக்க நகர்த்தல்களில் அவர் தடுமாறிய ஆட்டங்கள் பல உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை. வரம் பெற்றவர் ஏன் தடுமாற வேண்டும்? கற்றுக்கொண்டிருந்தவர் என்பதால் தடுமாறினார்.

அவரை மேதை என்று சொன்னவருள் ஒருவர் தோற்றுப்போன காபாபிளாங்காவே. அச்சொல்லை அவர் எளிதில் வழங்குபவரல்லர்.

இனி 'வேலைக்காரன்' என்னும் சொல். இது சிக்கலானது. 1933இல் போக்ஸ்டன் நகரில் நாடுகளுக்கிடையே நடந்த ஒலிம்பியாடிற்கு வந்த அமெரிக்கக் குழுவை, ஸர் உமர் தம் இலண்டன் இல்லத்தில் விருந்துக்கு அழைத்தார். அக்குழுவின் ரூபன் ஃபைன் பிற்காலத்தில் அதை நினைவுகூர்ந்து எழுதினார்: மேசையில் தமக்கு உணவு பரிமாறியவர் சுல்தான் கான்; உலகப் பெருவீரர் ஒருவர் பணியாளாய் நின்று தமக்குப் பரிமாறியதில் தாம் கூசிப்போனதாக. இக்கதை உலகெங்கும் பரவிற்று. 2020இல் டேனியல் கிங் என்னும் ஆங்கில கிராண்ட்மாஸ்டர் எழுதிய வரலாற்று நூலும் தலைப்பிலேயே அவரைப் பணியாள் என்று குறித்தது. சுல்தான் கானின் வழிவந்தோர் இதனை மறுத்தனர். சமயப் பெரியோர் வழிவந்த, நிலமுடைய குடும்பம் தங்களுடையது என்றும், அவர் ஏவலாளர் அல்லர் என்றும், எழுத்தறியாதவர் என்பதும் பிழை என்றும் அவர்கள் கூறுகின்றனர்.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நான் யார்? ஒன்று மட்டும் தோன்றுகிறது. நம் வீடுகளில் விருந்தினர் வந்தால் வீட்டு இளைஞர்களே இலை போட்டுப் பரிமாறுவது வழக்கம். அதைக் காணும் வேற்று நாட்டார் அவர்களை வேலையாட்கள் என்று எண்ணிவிடக் கூடும். பஞ்சாபியர் விருந்தோம்பலும் அத்தகையதே. ஃபைன் கண்டது அதுவாகவும் இருக்கலாம். உண்மையான அடிமைத்தனமாகவும் இருக்கலாம். எதுவாயினும், ஒருவர் ஆதரவில் தம் காலத்தையும் தம் பயணத்தையும் ஒப்படைத்து வாழ்ந்தவர் சுல்தான் கான் என்பதில் ஐயமில்லை. எங்கே ஆடுவது, எப்பொழுது திரும்புவது என்பவற்றைத் தீர்மானித்தவர் அவரல்லர். அவ்வீட்டிலிருந்து வந்த பாத்திமா என்னும் இளநங்கையும் சதுரங்கத்தில் வல்லவர். 1933இல் பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தை வென்றார். அவ்வெற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சுல்தான் கானின் பிற வெற்றிகளை விரிக்கவில்லை. 1931இல் தார்த்தகோவருடன் நடந்த தனிப்போட்டியில் வென்றார். அதே ஆண்டு பிராகா நகர ஒலிம்பியாடில் இங்கிலாந்தின் முதற்பலகையில் அமர்ந்து ரூபின்ஸ்டைன், புளோர் ஆகிய இருவரையும் வென்றார். உலக வீரர் அலேகினுடன் சமன் செய்தார். இங்கிலாந்தின் முதற்பலகை! ஹாம்பர்க், பிராகா, போக்ஸ்டன் என மூன்று ஒலிம்பியாடுகளிலும் அவர் இடம் அதுவே. அந்நாட்டுக் கொடியின் கீழ் ஆடியவர், வெயில் இல்லாத அந்நாட்டிலிருந்து எப்பொழுது திரும்புவோம் என்று ஏங்கியவர்.

1933 டிசம்பரில் ஸர் உமருடன் இந்தியா திரும்பினார். 1935இல் காதில்கருடன் பத்து ஆட்டம் ஆடி, ஒன்றை மட்டும் சமனாக விட்டு மற்றவை அனைத்தையும் வென்றார். அதன்பின் சதுரங்க உலகம் அவரைக் காணவில்லை. மேனாட்டில் ஆடியது ஐந்தாண்டுக்கும் குறைவு. ஸர் உமர் 1944இல் மறைந்தார். 1947இல் எல்லைக் கோடு விழுந்தபொழுது அவர் ஊர் பாகிஸ்தானில் அமைந்தது. நிலத்தில் உழுது பயிரிட்டு, மக்களை வளர்த்து, 1966 ஏப்ரலில் ஸர்கோதாவில் காலமானார். தம் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்பிக்கவில்லை என்றும், இதைவிடப் பயனுள்ள வேலை செய்யுங்கள் என்று சொன்னார் என்றும் கூறுவர். அது கசப்பா, களைப்பா, ஒரு குடியானவரின் இயல்பான அறிவுரையா? நான் அதனைப் பலவாறு எண்ணிப் பார்த்ததுண்டு.

உலகச் சதுரங்கக் கழகம் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை 1950இல் முறையாக ஏற்படுத்தி 27 பேருக்கு வழங்கியது. முதுமையால் ஆடாதிருந்தவர்க்கும் பழைய புகழை எண்ணிக் கொடுத்தனர். சுல்தான் கான் அப்பொழுது உயிரோடிருந்தார். மேலும் பதினாறு ஆண்டு இருந்தார். அவர் பெயர் பட்டியலில் இல்லை. 2024 பிப்ரவரியில், அவர் இறந்து ஏறத்தாழ 58 ஆண்டு கழிந்தபின், அக்கழகம் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அவர் பெயருக்கு அளித்தது. இஸ்லாமாபாதில் அதன் தலைவர் அறிவித்தார்.

இந்தியாவில் அவருக்குப் பின் நீண்ட இடைவெளி. தமிழ்நாட்டின் மானுவேல் ஆரன் 1961இல் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்றார். இந்தியருள் அவரே முதல்வர். 1988இல் விசுவநாதன் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். இவை நம் பிள்ளைகள் அறிந்தவை. அவர்கள் அறியாத ஒன்றைச் சொல்லுகிறேன்: சுல்தான் கான் மும்முறை வென்ற அதே பிரிட்டிஷ் பட்டத்தை, 2002இல் டார்க்கே நகரில் வென்றவர் சென்னை ஆர்.பி. ரமேஷ். பின்னர்ப் பிரக்ஞானந்தாவுக்கு ஆசிரியரானவரும் இவரே. அப்பட்டத்தின் பெயர்ப்பட்டியலில் மித்தா திவானாவும் சென்னையும் ஒன்றாக இடம்பெற்றிருக்கின்றன.

சென்ற மாதம், கேள்வி கேட்ட அச்சிறுவனை வீட்டிற்கு அழைத்து, பலகையில் காய்களை அடுக்கி, இவ்வாட்டத்தை முதலிலிருந்து ஆடிக் காட்டினேன். யானைகளும் ராணியும் வெட்டிக்கொண்ட இடத்தில் கண் கொட்டாமல் பார்த்தான். 35ஆம் நகர்த்தலுக்கு மேல் ராணி முன்னும் பின்னுமாக நடக்கத் தொடங்கியதும் அவனுக்குப் பொறுமை போயிற்று. "ஏன் மாமா, வெள்ளை ஏன் சும்மாவே இருக்கிறது?" என்று கேட்டான். சும்மா இல்லை, ராஜாவைப் பார் என்றேன். வெள்ளை ராஜாவின் மேல் விரலை வைத்து, அது போன கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினான். அதற்குள் அவன் தாயார் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். காய்களை அப்படியே வைத்திருக்கும்படி சொல்லிவிட்டு ஓடினான், வைத்திருக்கிறேன்.